நீர்க்கூலியும் நீர்விலையும்

தண்ணீருக்கு உடையவர் என்று ஒருவர் இருக்க முடியுமா, இருந்தால் தாகத்தோடு வந்தவரிடம் அவர் இல்லையென்று சொல்லலாமா என்னும் கேள்வியைச் சட்ட நூலாரும் பொருளியலாரும் கையில் எடுப்பதற்கு நெடுங்காலம் முன்பே சமயங்கள் எடுத்துக்கொண்டன. குடிநீர் வழங்குவதையும் கழிவுநீர் அகற்றுவதையும் பல நாடுகளில் தொழிலாக நடத்தும் பன்னாட்டு நிறுவனங்கள் தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்ட இக்காலத்தில் அந்தப் பழைய கேள்வி மீண்டும் முன்னுக்கு வந்திருக்கிறது. தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் குடிநீரை நடத்துபவை உள்ளாட்சி அமைப்புகளும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியமுமே என்றாலும், இக்கேள்வியை அங்கு நின்று ஆராய்வதற்குத் தக்க காரணம் உண்டு. ஒரே நீர் ஒரு பகல் பயணத்துக்குள் எத்தனை நிலைகளை அடைகிறது என்பதை அங்கு கண்ணாலேயே காணலாம்.

தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரலாக இறங்கும் மாதங்களில், திரிகூட மலையிலிருந்து விழும் பேரருவி பொங்குமாங்கடல் என்னும் பாறைக் குழியில் முதலில் மோதித் தன் வேகத்தைத் தணித்துக்கொண்டு, அங்கிருந்து விரிந்து, கீழே நிற்பவர்களின் தலைமேல் விழுகிறது. ஆடி அமாவாசையன்று அதே நீர் முன்னோருக்கு எள்ளும் நீரும் இறைப்பவர்களுக்குத் தீர்த்தமாகிறது. திருக்குற்றாலநாதர் கோயிலின் பக்கமாகச் சிற்றாறு என்னும் பெயருடன் புறப்பட்டுத் தென்காசியைத் தொட்டுச் செல்லும்போது அணைக்கட்டுகளும் கால்வாய்களும் குளங்களும் அதைப் பாசனத்துக்குப் பங்கிட்டுக்கொள்கின்றன. கிழக்கே கங்கைகொண்டானைக் கடந்து சீவலப்பேரிப் பக்கம் அது தாமிரபரணியில் கலந்துவிடுகிறது. அந்தக் கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் உள்ள குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணி நீர் தரப்படுவதை எதிர்த்து எழுந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2016 நவம்பரில் இடைக்காலத் தடை விதித்ததும், ஆற்றின் உபரி நீரே தரப்படுகிறது என்னும் அரசுத் தரப்பு வாதத்துக்குப் பின் 2017 மார்ச்சில் வழக்கைத் தள்ளுபடி செய்ததும் நெல்லைச் சீமை நன்கறிந்த செய்திகள். உபரி என்னும் அந்தச் சொல் சற்றே நின்று நோக்கத்தக்கது. கடலைச் சேரும் நீர் வீண் என்னும் எண்ணம் அதனுள் இருக்கிறது. முகத்துவாரத்து மீனுக்கும் கரையோர நிலத்தடியில் உப்பு ஏறாமல் காக்கும் நன்னீருக்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. தலையில் விழுகையில் தீர்த்தமாக இருந்தது எந்த மைல்கல்லில் சரக்காக மாறியது என்பதே இங்கு ஆராய வேண்டிய பொருள்.

இதற்கு விடை தேடத் தமிழில் ஒரு பழஞ்சொல் உதவுகிறது. சோழர் காலச் செப்பேடுகளில், ஓர் ஊரைத் தானமாகக் கொடுக்கும்போது அரசன் விட்டுக்கொடுக்கும் வரிகளின் நீண்ட பட்டியலில், தறிப்புடவை, தரகு, தட்டாரப்பாட்டம் முதலிய பெயர்களோடு 'நீர்க்கூலி' என்னும் பெயரும் காணப்படுகிறது. நீருக்காகச் செலுத்தப்பட்ட தொகை என்று இதற்குப் பொருள் கூறுவர். அத்தொகைக்கு அக்காலத்தார் வைத்த பெயர் கூலி என்பது கவனத்துக்குரியது. விலை என்பது பொருளைக் கைமாற்றுவதற்குத் தருவது; கூலி என்பது உழைப்புக்குத் தருவது. விலை கொடுத்தவர் பொருளுக்கு உடையவராகிறார். கூலி வாங்கியவரோ தான் சுமந்த மூட்டைக்கு ஒருபோதும் உடையவராவதில்லை. தென்பாண்டி நாட்டுக் குளங்களில் மடையைத் திறந்து அடைத்து வயல்தோறும் நீர் பாய்ச்சியவர் மடைக்குடும்பன் என்றும் நீர்பாய்ச்சி என்றும் அழைக்கப்பட்டார். அறுவடையின்போது களத்தில் அவருக்கென்று நெல் அளக்கப்பட்டது. குளத்தின் ஒவ்வொரு மடையும் அவர் கைப்பட்டே திறந்தது, ஆயினும் குளத்து நீர் தன்னுடையது என்று அவரும் எண்ணவில்லை, ஊராரும் எண்ணவில்லை. இன்றைய நகராட்சிப் பற்றுச்சீட்டிலும் குடிநீர்க் கட்டணம் என்றே அச்சாகிறது. மக்கள் அதைத் தண்ணீர் வரி என்கிறார்கள். விலை என்னும் சொல் கடையில் நெகிழிப் புட்டி வாங்கும்போதுதான் வாயில் வருகிறது. மொழி காத்துவரும் இந்த வேறுபாட்டைச் சொல் விளையாட்டு என்று தள்ளிவிடக் கூடாது.

சைவ சித்தாந்தம் இதற்கு ஓர் அடிப்படை தருகிறது. அந்தத் தத்துவத்தின்படி உயிர்கள் ஆணவம் என்னும் அறியாமையிலிருந்து விடுபட்டுப் பக்குவம் அடைவதற்காக இறைவன் மாயையிலிருந்து நான்கைத் தோற்றுவித்துத் தருகிறான். அவை தனு எனப்படும் உடம்பு, கரணம் எனப்படும் மனம் முதலிய கருவிகள், புவனம் எனப்படும் உலகம், போகம் எனப்படும் நுகர்பொருள்கள் ஆகியனவாம். தண்ணீர் புவனத்திலும் போகத்திலும் அடங்குகிறது. அதாவது அது உயிர்களின் பயன்பாட்டுக்கென்று தரப்பட்டது, உயிர்கள் எதுவும் அதை ஆக்கவில்லை. 'யான்', 'எனது' என்னும் இரண்டு எண்ணங்களையும் ஆணவத்தின் வெளிப்பாடுகளாகக் கொள்ளும் இத்தத்துவத்தில் 'உடையான்' என்பது இறைவனுக்கே உரிய பெயர். கோயில் நிலங்களின் கொடுக்கல் வாங்கல்கள் கல்வெட்டுகளில் சண்டேசுவரர் பெயரால் நடந்ததும் இதே எண்ணத்தின் நடைமுறை வடிவம் எனலாம். கோயிலை நிர்வகித்த மனிதர்கள் கணக்குப் பார்த்தார்களே தவிர உடையவர்களாகவில்லை. இவ்வாறு நோக்கினால், நீரை மறுப்பவர் தன் பொருளைத் தர மறுக்கவில்லை. மற்றொரு உயிருக்கென்று வந்ததை இடையில் நின்று தடுக்கிறார்.

பொட்டல்புதூர் தர்காவும் கடையநல்லூர்ப் பள்ளிவாசல்களும் உள்ள இவ்வட்டாரத்தில் இஸ்லாமியச் சட்ட நூலார் கண்ட முடிவையும் உடன்வைத்துப் பார்ப்பது பொருத்தமாகும், ஏனெனில் அவர்கள் இதை இன்னும் நுட்பமாகப் பகுத்திருக்கிறார்கள். நீர், மேய்ச்சல் புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்னும் நபிமொழியை அடியாகக் கொண்டு, ஆற்றிலும் ஊற்றிலும் உள்ள நீர் எவருக்கும் சொந்தமில்லை என்றும், உழைத்து மொண்டு கலத்தில் சேர்த்த நீர் மொண்டவருக்கு உரியது, அதை அவர் விற்கலாம் என்றும் அவர்கள் வகுத்தனர். கிணறு வெட்டியவருக்கு அக்கிணற்றின்மேல் முன்னுரிமை உண்டு. ஆயினும் தாகத்தோடு வந்த மனிதருக்கும் கால்நடைக்கும் அவர் நீரை மறுக்க முடியாது. இந்த உரிமைக்கு அரபு மொழியில் 'ஷஃபா', அதாவது உதட்டின் உரிமை என்று பெயர். வயலுக்கான உரிமை வேறு, உதட்டுக்கான உரிமை வேறு என்று பிரித்ததில்தான் அவர்களின் கூர்மை இருக்கிறது. கலத்துக்கும் உழைப்புக்கும் கூலி உண்டு. உதட்டுக்கு மறுப்பு இல்லை.

இனி, பெரிய நீர் நிறுவனம் ஒன்று உண்மையில் செய்யும் வேலை என்னவென்று பார்க்கலாம். அதைப் பாராமல் அறம் பேசுவது எளிது. தமிழ்நாட்டில் இதற்கு அண்மையான உதாரணம் கோயம்புத்தூர். மேற்குத் தொடர்ச்சி மலையின் சிறுவாணியையும் பில்லூரையும் நம்பி வாழும் அந்நகரின் குடிநீர்ப் பகிர்மானத்தை 24 மணி நேரமும் நடைபெறும்படி மாற்றியமைத்து நடத்துவதற்காக மாநகராட்சி 2018இல் பிரான்சு நாட்டின் சூயஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. காலம் 26 ஆண்டுகள், மதிப்பு ஏறத்தாழ 40 கோடி யூரோ, பயன்பெறுவோர் ஏறத்தாழ 16 லட்சம் பேர் என்று நிறுவனம் அறிவித்தது. தெருக்குழாய்கள் போய்விடும், கட்டணம் ஏறிவிடும் என்ற அச்சத்தில் நகரில் போராட்டங்கள் எழுந்தன. கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் தன்னிடமே இருப்பதாக மாநகராட்சி விளக்கியது.

24 மணி நேரமும் நீர் என்பதை வசதி என்று மட்டும் கொள்வது சரியன்று. இந்திய நகரங்களில் வழக்கமாகச் செய்வதுபோலச் சில மணி நேரம் திறந்து மற்ற நேரம் வால்வை அடைத்துவிட்டால், குழாயினுள் அழுத்தம் வீழ்ந்து, சில இடங்களில் வெளியழுத்தத்துக்கும் கீழே போய்விடுகிறது; அப்போது பக்கத்திலேயே ஓடும் சாக்கடையின் கசிவு குழாய் இணைப்புகளின் விரிசல் வழியே உள்ளே உறிஞ்சப்படுகிறது. மறுநாள் வால்வைத் திறந்ததும் அதுவே முதலில் வீடுகளுக்குப் போய்ச் சேர்கிறது. குழாயில் எப்போதும் அழுத்தம் இருந்தால் விரிசல் வழியே நீர் வெளியேறுமே தவிர அழுக்கு உள்ளே வராது. ஆகவே இடையறாத வழங்கல் என்பது தூய்மையைப் பற்றிய ஏற்பாடு. ஆனால் விரிசல்கள் இருந்தபடி இருக்க இடையறாமல் நீர் விட்டால் ஏரியே காலியாகிவிடும் என்பதால், கசிவைக் கண்டுபிடிப்பது இத்தொழிலின் உயிர்நாடியாகிறது.

அது நடக்கும் முறை வியப்புக்குரியது. நகரத்தைச் சிறு சிறு அளவீட்டு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நீர் நுழையும் ஒரே வாயிலில் மீட்டர் பொருத்துகிறார்கள். பின்னிரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில், ஊர் முழுதும் உறங்கி எந்த வீட்டிலும் குழாய் திறக்கப்படாத வேளையில், அந்த மீட்டர் காட்டும் ஓட்டத்தைப் பார்க்கிறார்கள். எவரும் குடிக்காத, எவரும் குளிக்காத அந்நேரத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் நீரில் பெரும்பகுதி கசிவாகத்தான் இருக்க வேண்டும். அடுத்து அந்த மண்டலத்துக்குள் ஆள் இறங்குகிறார். ஒரு கம்பியின் முனையை வால்வின் தலையில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டால், மண்ணுக்கடியில் நீர் பீறிடும் இரைச்சல் கேட்கிறது. இன்றைய கருவிகளில் குழாயின் இரு முனைகளிலும் உணரிகளை ஒட்டிவைத்து, அதே இரைச்சல் ஒரு முனையை எட்டுவதற்கும் மறுமுனையை எட்டுவதற்கும் உள்ள நொடிப்பொழுது வேறுபாட்டைக் கொண்டு, குழாயின் எத்தனையாவது மீட்டரில் உடைப்பு இருக்கிறது என்று கணிக்கிறார்கள். தெருவைத் தோண்டுவது அதன் பிறகே. இவை எல்லாவற்றையும், அதாவது மீட்டர்கள், அழுத்தமானிகள், மோட்டார்கள், குளோரின் அளவுகள் ஆகியவற்றை, ஓர் அறையிலிருந்து கண்காணித்து இயக்கும் கணினி அமைப்புக்கு ஸ்காடா என்று பெயர். குழாயின் கடைசி வீட்டிலும் ஒரு லிட்டரில் 0.2 மில்லிகிராமாவது எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. அதற்குக் குறைந்தால் வழியில் எங்கோ அழுக்கு குளோரினைத் தின்றுவிட்டது என்று பொருள்.

ஊர் உறங்கும்போது மண்ணில் காதை வைத்துக் கேட்கும் இந்த உழைப்பைக் கூலிக்குரியதன்று என்று எந்தச் சமயமும் கூற முடியாது. நீர் இறைவனுடையது, ஆகவே இலவசமாகத்தான் வர வேண்டும் என்பவர்கள் நீரையும் நீர் வந்த வழியையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். அருவி இலவசமாக விழுவது மலையடிவாரம் வரைதான். அங்கிருந்து மூன்றாவது மாடியின் குழாய் வரையிலான தூரத்தைக் கடப்பது மனிதரின் வேலை. இதே தவற்றை எதிர்ப்பக்கமிருந்தும் செய்யலாம். வழியை அமைத்தவர், வழியோடு சேர்த்து நீரையும் தனதென்று எண்ணத் தொடங்கும்போது கூலி விலையாகிறது.

அப்படியானால் விலைதான் பாவமா? வரலாறு இதற்கு உடன்படவில்லை. தண்ணீரை விற்பது இழிவு என்று கருதி, கோடையில் தண்ணீர்ப்பந்தல் வைப்பதை அறமாகக் கொண்டாடிய இதே சமூகம், பிறப்பைக் காட்டிக் கிணற்றையும் குளத்தையும் ஒரு பகுதி மக்களுக்கு மறுத்தது. காசு எதுவும் கேட்கப்படவில்லை; காசு கொடுத்தாலும் கிடைத்திருக்காது. 1927 மார்ச்சில் மகாராட்டிரத்து மகாடு ஊரின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கி ஒரு கை நீர் அள்ளிக் குடித்தது, விலையில்லாத அந்த மறுப்புக்கு எதிராகத்தான். கிணற்றடியில் சாதி நிற்க இடம் இருந்தது. குழாய்க்குப் பிறப்புத் தெரியாது. இவ்வகையில் இரும்புக் குழாயும் தெருக்குழாயும் பல நூற்றாண்டு அறவுரைகள் செய்யாததைச் செய்திருக்கின்றன என்று சொன்னால் மிகையாகாது. இருந்தும், 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்களின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது வெளிப்பட்டபோது, குழாய் அறியாத சாதியைத் தொட்டியின் ஏணி வழியே ஏறியும் கொண்டுசேர்க்க முடியும் என்பது தெரிந்தது. ஆகவே நீர் தொடர்பான குற்றத்தின் வேர் விலையில் இல்லை, மறுப்பில் இருக்கிறது. விலை என்பது மறுப்பின் பல உருவங்களில் ஒன்று.

இந்த இடத்தில் தொழில்நுட்பம் அறத்துக்குப் புதிய சிக்கலை உண்டாக்குகிறது. முற்காலத்தில் மறுப்பவருக்கு ஒரு முகம் இருந்தது. மறுக்கப்பட்டவர் அந்த முகத்தைப் பார்த்துக் கெஞ்சவும் சபிக்கவும் முடிந்தது. முன்கட்டண மீட்டர் என்னும் கருவியில், செலுத்திய பணம் தீர்ந்ததும் வால்வு தானாக மூடிக்கொள்கிறது. மறுத்தவர் என்று எவரையும் சுட்ட முடியாது: பொறியாளர் மென்பொருளைக் காட்டுவார், மென்பொருளோ ஒப்பந்தத்தில் எழுதியதைச் செய்கிறது. தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோவில், ஃபிரி என்னும் பகுதியின் ஏழைக் குடும்பங்கள் இத்தகைய மீட்டர்களை எதிர்த்துத் தொடர்ந்த வழக்கில், குடும்பத்துக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசமாகத் தந்தபின் மீட்டர் மூடிக்கொள்வது சட்டத்துக்கு முரணன்று என்று அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. ஐக்கிய நாடுகள் பொது அவை குடிநீரும் சுகாதாரமும் மனித உரிமை என்று 2010 ஜூலையில் தீர்மானம் இயற்றியது அதற்கு மறு ஆண்டில்.

இதற்கு நேர்மாறான சான்று எதிர்பாராத இடத்திலிருந்து வருகிறது. 1989இல் தன் குடிநீர் வழங்கலைத் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைத்த இங்கிலாந்து, 1999ஆம் ஆண்டின் நீர்த்தொழில் சட்டத்தால், கட்டணம் செலுத்தவில்லை என்ற காரணத்துக்காக எந்த வீட்டின் இணைப்பையும் துண்டிக்கக் கூடாது என்று தடை விதித்தது. நிறுவனம் கட்டணம் வாங்கலாம், பாக்கிக்கு நீதிமன்றம் போகலாம், வால்வை மட்டும் மூட முடியாது. உதட்டின் உரிமை என்று பழைய சட்ட நூலார் சொன்னதைப் பொருளில் ஒத்த ஏற்பாடு ஒன்று தனியார்மயத்தின் தலைநாட்டிலேயே சாத்தியமாயிற்று. கூலியையும் மறுப்பையும் பிரிக்க முடியாது, பயம் இல்லாவிட்டால் எவரும் கட்ட மாட்டார்கள் என்னும் வாதம் இதன்முன் வலுவிழக்கிறது.

மறுப்புகள் எல்லாம் ஒரே வகையுமல்ல. குற்றாலத்தில் பேரருவியின் நீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழத் தொடங்கினால் காவல்துறை குளிக்கத் தடை விதிக்கிறது; நூற்றுக்கணக்கான மைல் கடந்து வந்தவர்கள் அருவியைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் மலைமேல் பெய்த மழையால் திடீரென்று பெருகிய வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டுபோனதை நினைப்பவர்கள் அந்த வளைவின் அருமையை உணர்வார்கள். தீர்த்தத்துக்கும் இயக்குபவர் தேவைப்படுகிறார். இங்கு மறுப்பவர் மறுக்கப்படுபவரின் உயிருக்காக மறுக்கிறார், வெள்ளம் தணிந்ததும் மறுப்பும் நீங்கிவிடுகிறது. இதே மலைச்சரிவில் தனியார் விடுதிகள் சில இயற்கையான நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவிகளை அமைத்துக்கொண்டபோது, 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டு அவற்றின்மீது நடவடிக்கைக்கு ஆணையிட்டது. இமாச்சலத்தில் ஒரு விடுதிக்காக பியாஸ் ஆற்றின் போக்கு மாற்றப்பட்ட வழக்கில், ஆறும் காடும் கடற்கரையும் அரசின் சொத்தல்ல, மக்களுக்காக அரசு பொறுப்பேற்றுக் காப்பவை என்னும் பொது நம்பிக்கைக் கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996இல் நிலைநாட்டியிருந்தது. அக்கோட்பாட்டின்படி அரசே உடையவரல்லர் எனில், அரசு நிறுவனத்துக்கு எழுதிக்கொடுப்பது எதை? நடத்தும் பணியை எழுதிக்கொடுக்கலாம். உடைமை கையில் இருந்தாலல்லவா கைமாற்ற முடியும்?

நிறுவனத்தின் இயல்பையும் இங்கே சமயக் கண்கொண்டு நோக்கலாம். சட்டம் மனிதரல்லாத இருவரை நபராக ஏற்றுக்கொண்டுள்ளது. ஒருவர் கோயில் தெய்வம். இந்துத் தெய்வத் திருமேனி உரிமைகளுக்குரிய சட்ட நபர் என்று இலண்டன் பிரிவி கவுன்சில் 1925இல் ஏற்றது. பத்தூர் விசுவநாதசுவாமி கோயிலின் களவுபோன நடராசருக்காக அக்கோயிலே இங்கிலாந்து நீதிமன்றத்தில் உரிமை கோர முடியும் என்று 1991இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்பியதும் திருமேனி தமிழ்நாடு திரும்பியதும் இதன் தொடர்ச்சி. மற்றொருவர் கூட்டு நிறுவனம். பங்குதாரர்களிலிருந்து வேறான தனி நபராக அதை 1896இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை உறுதிசெய்தது. இருவருக்கும் சாவில்லை, இருவரும் சொத்து வைத்திருக்கலாம், வழக்காடலாம். ஆனால் தெய்வத்தைச் சட்டம் நிரந்தர மைனராகக் கருதுகிறது. அதாவது தெய்வம் தானாக எதையும் விற்க முடியாது, அதன் பெயரால் விற்பவர் அதன் நலனை மெய்ப்பிக்க வேண்டும், பக்தர் எவரும் அதற்காக நீதிமன்றப் படியேறலாம். நிறுவனத்துக்கு அந்தக் கட்டு இல்லை. அது தன்னையே விற்றுக்கொள்ளவும் கூடும். கோவை ஒப்பந்தம் 26 ஆண்டுகளுக்கு எழுதப்பட்டது. நான்கே ஆண்டுகளில், 2022 ஜனவரியில், சூயஸின் பெரும்பகுதியை வெயோலியா என்னும் மற்றொரு பிரெஞ்சு நிறுவனம் வாங்கிவிட, இந்தியப் பணிகள் உள்ளிட்ட எஞ்சிய பகுதி புதிய முதலீட்டாளர்களின் உடைமையில் அதே பெயரோடு தொடர்ந்தது. பொறியாளர்கள் மாறவில்லை, குழாய்கள் மாறவில்லை. கூலி சென்று சேரும் இடம் மாறிற்று. இதில் சட்டப் பிழை எதுவும் இல்லை. ஆனால் மடைக்குடும்பன் இன்னார் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. வரப்பில் நிறுத்தி அவரை நியாயம் கேட்க முடிந்தது. நீரை நடத்துபவர் ஊருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்னும் உறவு கைமாற்றக்கூடிய பங்குப் பத்திரத்தில் எவ்வளவு தூரம் நிலைக்கும் என்பது எந்த ஒப்பந்தத்தின் பக்கங்களிலும் விடை காணாத ஐயம்.

கழிவுநீர் பற்றிய ஒரு குறிப்பு இன்றியமையாதது, ஏனெனில் சமயங்கள் பாதியோடு நிறுத்திவிட்டது அங்குதான். வரும் நீருக்குத் தீர்த்தம் என்று பெயரிட்டவர்கள் போகும் நீருக்குப் பெயரே வைக்கவில்லை. அழுக்கை நீக்குவது நீர் என்று போற்றிய வாய், அந்த அழுக்கை நீரிலிருந்து நீக்கியவரைத் தீட்டு என்றது. கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்யும் சட்டம் 1993இலும் பின்னர் விரிவாக 2013இலும் வந்தபின்னரும் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கி நச்சுக்காற்றில் உயிர்விடுவது நின்றபாடில்லை. பொறியியல் இவ்விஷயத்தில் சமயத்தைவிட நேர்மையாக நடந்துகொள்கிறது. அதற்குத் தூய நீர், தீட்டு நீர் என்ற இரு சாதி இல்லை. கலந்திருப்பது என்ன, எவ்வளவு, எப்படிப் பிரிப்பது என்ற கேள்விகளே உண்டு. சென்னை கோயம்பேட்டில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீர் மூன்றாம் நிலைச் சுத்திகரிப்புக்குப் பின், நுண்துளைச் சவ்வுகளின் வழியே அழுத்தி வடிக்கப்பட்டு, 2019 முதல் தொழிற்சாலைகளுக்குச் செல்கிறது. அந்த நீரால் அபிடேகம் செய்யலாமா என்று ஒருவர் கேட்டால், ஐம்பூதங்களில் ஒன்றாகிய அப்பு தன் இயல்பில் மாசடைவதில்லை, மாசு அதனோடு சேர்ந்திருந்து பிரிவது என்று சைவத்தின் துணைகொண்டே பதில் சொல்ல இடமுண்டு. உயிருக்கும் ஆணவ மலத்துக்கும் உள்ள உறவைச் சித்தாந்தம் விளக்குவதும் ஏறத்தாழ இவ்வாறே. நீரை மாசிலிருந்து பிரிப்பதன்றி மேகமும் வேறெதையும் செய்யவில்லை. அத்தகைய அபிடேகத்துக்கு மனம் இசையாதவர்கள், தங்கள் தயக்கம் நீரின்மேலா அல்லது அந்நீரைத் தொட்ட கைகளின்மேலா என்று பார்த்துக்கொள்வது நலம்.

தென்காசிக் காசி விசுவநாதர் கோயிலை 15ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த பராக்கிரம பாண்டியனின் கல்வெட்டு ஒன்று இந்த ஆராய்ச்சிக்கு எதிர்பாராத ஒளி தருகிறது. கோயில் கட்டிய அரசர்கள் பிற்காலத்தாருக்கு எழுதிவைத்தவை பெரும்பாலும் சாபங்கள். இத்தருமத்துக்குத் தீங்கு செய்தவர் இன்ன நரகம் புகுவார் என்பது வழக்கமான வாசகம். இவனோ, இந்தக் கோயிலுக்கு வரக்கூடாத குற்றம் ஏதேனும் வந்துவிட்டால், அதை நீக்கிக் காப்பவர் எவராயினும் அவரை உலகறியப் பணிகிறேன் என்று பொறித்துவைத்தான். கட்டியதோடு வேலை முடியவில்லை, குற்றம் வரும் என்பதை அவன் அறிந்திருந்தான்; நெடுங்காலம் பிளந்து சிதைந்து நின்ற அக்கோயிலின் இராசகோபுரம் 1990இல்தான் மீண்டும் முழுமை பெற்றது. எவராயினும் என்று அவன் எழுதியதில் குலமும் நாடும் சமயமும் கேட்கப்படவில்லை. பழுது நீக்குபவர் பாரிசிலிருந்து வந்தாலும் அந்த வணக்கத்துக்கு உரியவராகலாம். ஆயினும் அவன் காப்பவருக்குக் கொடுத்தது வணக்கத்தை, கோயிலைக் கொடுக்கவில்லை.

அந்தக் கோபுரத்துக்குக் கிழக்கே சிற்றாற்றங்கரை ஊர்களில் இன்றும் விடியற்காலையில் மேல்நிலைத் தொட்டியின் ஆபரேட்டர் ஏணியேறி, பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, இறங்கி வந்து கேட் வால்வைத் திருகுகிறார். தெருக்கோடிக் குழாயில் ஒரு சிறு கண்ணாடிக் குழலில் நீர் பிடித்து, இரண்டு சொட்டு மருந்து விட்டு, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கிறார். நிறம் மாறினால் குளோரின் கடைசி வீடு வரை வந்திருக்கிறது. ஊராட்சி அவருக்குத் தரும் கூலி சொற்பமானது.